"தம்பி, இது கேக்கல": இன்ஃப்ராரெட் ஹெட்போன் கவரேஜ்ல வர்ற புகார்களும் அதுக்கு என்ன பண்ணணும்ங்கறதும்

பல மொழி மீட்டிங்ல மொழிபெயர்க்கறவங்க உக்கார இன்டர்ப்ரெட்டர் பூத் போட்டு, அத ஹெட்போன்ல கேக்க டெலிகேட் கழுத்துல இன்ஃப்ராரெட் ரிசீவர் மாட்டி விடுற வேலை பண்றவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். ப்ரோக்ராம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல யாராவது கைய தூக்கி "தம்பி, இது கேக்கல"ன்னு சொல்வாங்க, நாம ஓடிப்போய் வேற ரிசீவர் குடுப்போம், அதுவும் கேக்காது, மூணாவது குடுப்போம், அதுக்குள்ள பக்கத்து சேர்ல ரெண்டு பேர் கைய தூக்கிருப்பாங்க. என் அனுபவத்துல கேக்கலைன்னு திரும்பி வர்ற ரிசீவர்ல பெரும்பாலானது நல்ல ரிசீவர்தான். குத்தம் ரிசீவர் மேல இல்ல, அந்த சேர் மேல.

முதல்ல ஒரு விஷயத்த மண்டைல ஏத்திக்கோங்க, மத்த எல்லாம் அதுலேர்ந்துதான் வரும். இது ரேடியோ இல்ல, வெளிச்சம். சுவத்துல மாட்டிருக்க, சிக்னல இன்ஃப்ராரெட் வெளிச்சமா அடிக்கற ரேடியேட்டர் ஒரு பெரிய டார்ச் லைட், ரிசீவர் முன்னாடி இருக்க கருப்பு லென்ஸ் ஒரு கண்ணு. சுமார் 870 நானோமீட்டர்ல இருக்க அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்கு தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். டார்ச் வெளிச்சம் விழாத எடத்துல கேக்காது, கைய குறுக்க வெச்சா கேக்காது, வெயில்ல டார்ச் அடிச்சா எப்படி மங்கலா தெரியுமோ அதே மாதிரி இதுவும் மங்கும். ரேடியோ மைக் போட்டு பழகினவங்கதான் இதுல அதிகமா மாட்டிக்கறாங்க, ஏன்னா அவங்களுக்கு சிக்னல்னா எங்கயாவது பூந்து வந்துரும்னு ஒரு நம்பிக்கை.

"எங்கயுமே கேக்கல, ஒரு ரிசீவர் கூட வேலை செய்யல"

இது ஈஸியான கேஸ், பயப்படாதீங்க. ரேடியேட்டர் பவர்ல இருக்கா, ஸ்டாண்ட்பைல தூங்குதானு அதோட லைட்ட பாருங்க. லைட் எந்த கலர்ல எரிஞ்சா என்ன அர்த்தம்னு மேனுவல்ல இருக்கும், அந்த பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க. பூத் சத்தத்த ரேடியேட்டருக்கு அனுப்பற டிரான்ஸ்மிட்டர்லேர்ந்து வர்ற கோஆக்ஸ் கேபிள் முதல் ரேடியேட்டர்ல ஒழுங்கா பூட்டிருக்கா பாருங்க, கேபிள் முனைல திருகி பூட்டற பி.என்.சி கனெக்டர் முக்கா திருகுல நிக்கும், பாத்தா மாட்டின மாதிரியே இருக்கும். வெளிச்சம் வருதானு பாக்க போன் கேமராவ ரேடியேட்டர் கிட்ட காட்டுங்க, ஊதா கலர்ல லேசா மின்னும். பின்னாடி கேமரால நிறைய போன்ல ஃபில்டர் இருக்கறதால தெரியாது, செல்ஃபி கேமரால ட்ரை பண்ணுங்க. முதல்ல டிவி ரிமோட்ட வெச்சு உங்க போன் காட்டுமா காட்டாதான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் ரேடியேட்டர்கிட்ட போங்க.

ரேடியேட்டர் மின்னுது, ஆனாலும் எதுவும் கேக்கலைன்னா பழைய அனலாக் ரிசீவரும் டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டரும் கலந்துருச்சானு பாருங்க. குடோன்ல ரெண்டு செட்டும் ஒரே மாதிரி பெட்டில இருந்தா இது நடக்கும், எங்களுக்கே நடந்திருக்கு.

"முன்னாடி நல்லா கேக்குது, கடைசி வரிசைல விட்டு விட்டு வருது"

தூரம் ரெண்டு மடங்கு ஆனா வெளிச்சம் பாதி ஆகாது, கால்வாசி ஆகும். இது எல்லாருக்கும் தெரியும், ஆனா ஹால் பாக்கும்போது யாருக்கும் ஞாபகம் வராது. டிஜிட்டல் சிஸ்டத்துல இன்னொரு கஷ்டம், கொஞ்சம் கொஞ்சமா இரைச்சல் வந்து எச்சரிக்கை குடுக்காது. அனலாக்ல "ஸ்ஸ்"னு சத்தம் ஏறும், ஏதோ சரியில்லைன்னு புரிஞ்சுரும். டிஜிட்டல்ல பத்தாவது வரிசைல பளிச்னு கேக்கும், பதினொன்னாவதுல அறுந்து அறுந்து வரும், பன்னெண்டாவதுல மௌனம்.

ஆனா இந்த புகாருக்கு நான் முதல்ல பாக்கறது தூரத்த இல்ல, எத்தன சேனல், அதாவது எத்தன மொழி ஓடுதுங்கறத. இதுதான் நிறைய பேர் கோட்டை விடற எடம், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

ஐ.இ.சி 61603-7ங்கற சர்வதேச தரத்துல வர்ற டிஜிட்டல் சிஸ்டம் எல்லாம் 2 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து 6 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பேண்ட்ல கேரியர், அதாவது சேனல சுமந்துட்டு போற அலை, வெச்சு ஓடுது. பாஷ் கம்பெனியோட இன்டக்ரஸ் சிஸ்டத்த எடுத்துக்கிட்டா ஒரு கேரியர்ல சாதா தரத்துல நாலு மோனோ சேனல் போகும், உயர் தரம்னு செட் பண்ணா ரெண்டுதான் போகும். ரேடியேட்டரோட மொத்த பவர் மாறாது, அதைத்தான் எல்லா கேரியரும் பங்கு போட்டுக்கும். ஒரு கேரியர் ஓடினா முழு சாப்பாடு, ரெண்டு ஓடினா ஆளுக்கு பாதி, நாலு ஓடினா கால். கவரேஜ் பரப்பளவும் அதே கணக்குல சுருங்கும், ரெண்டு கேரியர்னா பாதி ஏரியா, நாலுன்னா கால் ஏரியா. கால் ஏரியான்னா வெளிச்சம் எட்டற தூரம் பாதியா போச்சுன்னு அர்த்தம்.

இப்ப பாருங்க, ஃப்ளோர் (மேடைல பேசறது அப்படியே), இங்கிலீஷ், இந்தி, தமிழ்னு நாலு சேனல் வெச்சு முந்தின நாள் மதியம் ஹால் முழுக்க நடந்து பாத்து எல்லாம் ஓகே. சாயங்காலம் ஆர்கனைசர் போன் பண்ணி "ஜப்பான்லேர்ந்து நாலு பேர் வர்றாங்க, ஒரு ஜப்பானிய பூத் சேத்துருங்க, நாலு ரிசீவர்தானே"ன்றார். நாலு ரிசீவர்தான், ஆனா அஞ்சாவது சேனலுக்கு ரெண்டாவது கேரியர் தொறக்கணும், தொறந்த உடனே ஹால்ல இருக்க எல்லாருக்கும் ஏரியா பாதி. ஜப்பான்காரங்க முதல் வரிசைல உக்காந்து ஜம்முனு கேப்பாங்க, கடைசி வரிசைல தமிழ் சேனல் கேக்காது. யாருமே இத ஜப்பானிய பூத்தோட முடிச்சு போட மாட்டாங்க.

அதே மாதிரி யாராவது "குவாலிட்டி நல்லா இருக்கட்டும்"னு மெனுல போய் உயர் தரத்துக்கு மாத்தி வெச்சிருந்தாலும் அதே கதைதான், சேனல் கூடாமலேயே கேரியர் கூடிரும். பேச்சுக்கு சாதா தரம் போதும்ங்கறது என் அபிப்ராயம், மியூசிக் இருந்தா மட்டும் யோசிங்க.

அதனால செய்ய வேண்டியது: தேவையில்லாத சேனல மூடுங்க, தரத்த சாதாவுக்கு கொண்டு வாங்க, அப்பவும் பத்தலைன்னா ரேடியேட்டர் சேருங்க. கடைசி வரிசைக்குன்னு பக்கத்து சுவத்துல நடு ஹால்ல ஒண்ணு வைக்கறது, மேடைல இருக்கறத இன்னும் உயரமா தூக்கறதவிட நல்லா வேலை செய்யும். ரேடியேட்டர் சாய்வும் பாருங்க, 15 டிகிரில லேசா குனிஞ்சு இருந்தா வெளிச்சம் நீளமா தரைல படரும், கூரைலேர்ந்து நேரா கீழ பாத்தா சின்னதா கொட்டும். மேனுவல் அட்டவணைல இருக்க கவரேஜ் அளவு குறிப்பிட்ட உயரத்துக்கும் சாய்வுக்கும் மட்டும்தான், ப்ரோஷர் முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கற பெரிய நம்பர் ஒரே ஒரு கேரியருக்கு போட்டதான்னு பாத்துக்கோங்க.

"நேத்து நைட் டெஸ்ட்ல சூப்பரா இருந்துச்சு, காலைல போச்சு"

கிழக்கு கடற்கரை சாலைல ஒரு ரிசார்ட். நாங்க ஹால் பாத்தது சாயங்காலம் ஏழு மணி, ரிசீவர கைல வெச்சுக்கிட்டு எல்லா மூலைக்கும் நடந்தோம், ஒரு எடத்துலயும் அறுக்கல. மறுநாள் காலை ஒன்பதுக்கு ப்ரோக்ராம். மேடைக்கு பின்னாடி கண்ணாடி சுவர், அதுக்கு அந்தப்பக்கம் கடல், போட்டோல அழகா வரும்னு ஆர்கனைசர் திரைய தொறந்து வெச்சிருந்தாங்க. கடல் எந்த திசைல இருக்குன்னு நான் யோசிச்சிருக்கணும். ஒன்பது மணி வெயில் நேரா கண்ணாடி வழியா வந்து, மேடைய பாத்து உக்காந்திருந்த அத்தன பேர் நெஞ்சுல இருந்த லென்ஸ்லயும் அடிச்சுது. நடுப்பகுதி மொத்தமும் கேக்கல.

சூரிய வெளிச்சத்துல இன்ஃப்ராரெட் நெறைய இருக்கு, அது ரிசீவர் கண்ண கூச வெச்சுரும். சிக்னல் அதே அளவுதான் வருது, ஆனா பின்னணி இரைச்சல் ஏறிடுது. டிஜிட்டல் சிஸ்டம் வெயில்லயும் வேலை செய்யும்னு எழுதிருப்பாங்க, செய்யும்தான், ஆனா ரேடியேட்டர் பக்கத்துல இருக்கணும், ரொம்ப பவர் வேணும்.

அன்னைக்கு முதல்ல அங்க இருந்த மெல்லிசு வெள்ளை திரைய இழுத்து விட்டோம், ஒரு பிரயோஜனமும் இல்ல, வெளிச்சம் ஊடுருவுற துணில இன்ஃப்ராரெட்டும் ஊடுருவும். அப்புறம் பந்தல்காரர்கிட்ட கெஞ்சி ரெண்டு பெரிய கருப்பு துணி வாங்கி பேக்ட்ராப்புக்கு பின்னாடி கட்டினோம். "அண்ணே, கல்யாண மண்டபம் மாதிரி ஆயிருச்சே"ன்னு ஆர்கனைசர் பையன் மூஞ்சிய தூக்கினான். பதினோரு மணிக்கு சூரியன் மேல போனதும் துணிய எறக்கிட்டோம்.

அதுலேர்ந்து நான் ரெண்டு வேலை தவறாம பண்றேன். ப்ரோக்ராம் எத்தன மணிக்கோ அத்தன மணிக்குத்தான் ஹால் பாக்க போவேன். போன உடனே போன்ல திசைகாட்டிய தொறந்து ஜன்னல் எந்தப்பக்கம்னு லேஅவுட்ல குறிப்பேன். மேடைய ஜன்னல் பக்கமா வைக்கறாங்கன்னா முன்கூட்டியே சண்டை போடுவேன், ஜன்னல் டெலிகேட் முதுகுக்கு பின்னாடி இருந்தா எவ்வளவோ தேவலாம்.

சூரியன் மட்டும் இல்ல, ஹாலோஜன், பழைய குண்டு பல்ப், மேடைக்கு அடிக்கற பெரிய மஞ்சள் லைட் எல்லாத்துலயும் இன்ஃப்ராரெட் உண்டு. எல்.இ.டி லைட்ல ரொம்ப கம்மி. பேச்சாளர் மேல மட்டும் ஃபோகஸ் லைட் அடிக்கும்போது பேனல்ல உக்காந்திருக்கவங்களுக்கு மட்டும் கேக்கலைன்னா லைட்டிங் பையன கூப்பிட்டு அந்த ஒரு லைட்ட அணைக்க சொல்லி பாருங்க, பத்து செகண்ட்ல தெரிஞ்சுரும்.

"இந்த ஒரு டேபிள்ல மட்டும் கேக்கல, சுத்தி எல்லாருக்கும் கேக்குது"

முதல்ல கண்ணால பாருங்க. அந்த சேர்ல உக்காருங்க, நிக்காதீங்க, உக்காந்து ரேடியேட்டர் தெரியுதானு தேடுங்க. ஒண்ணாவது தெரியணும், ரெண்டு தெரிஞ்சா நல்லது. நடுவுல தூண், ஷாண்டிலியர், ஸ்பான்சர் பேனர், வெல்கம் பூ அலங்காரம், வீடியோக்காரர் மேடை, எதுவாவது இருக்கும். நேத்து இல்லாத பேனர் இன்னைக்கு காலைல வந்திருக்கும், டெக்கரேஷன்காரங்களுக்கு ரேடியேட்டர்ங்கறது துணி கட்டி மறைக்க வேண்டிய அசிங்கமான பொட்டி.

ரெண்டு ரேடியேட்டரும் நல்லாவே தெரியுது, தூரமும் கம்மி, ஆனாலும் கேக்கலைன்னா இப்பதான் சுவாரசியம். சேனல மாத்திப் பாருங்க. அதே சேர்ல 1லேர்ந்து 4 வரைக்கும் கேக்குது, 9லேர்ந்து 12 வரைக்கும் கேக்கல, அந்த மாதிரி ஒரு கேரியர் மட்டும் செத்திருந்தா அது வெளிச்ச பத்தாக்குறை இல்ல. ரெண்டு ரேடியேட்டர் வெளிச்சமும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்குது.

எப்படின்னா, 3 மெகாஹெர்ட்ஸ் கேரியர்னா வெளிச்சம் ஒரு செகண்டுக்கு முப்பது லட்சம் தடவ ஏறி எறங்குது, ஒரு ஏத்த எறக்கம் சுமார் 333 நானோசெகண்ட். ஒரு ரேடியேட்டர் சிக்னல் இன்னொண்ண விட அதுல பாதி, 167 நானோசெகண்ட் லேட்டா வந்தா, இது ஏறும்போது அது எறங்கும், ரெண்டும் சம பலத்துல விழற எடத்துல கூட்டிக் கழிச்சா ஒண்ணும் மிஞ்சாது. லேட் எங்கேர்ந்து வருதுன்னா பெரும்பாலும் கேபிள்லேர்ந்து. கோஆக்ஸ் கேபிள்ல சிக்னல் ஒரு மீட்டருக்கு சுமார் 5.6 நானோசெகண்ட் எடுக்கும், அப்ப 30 மீட்டர் கேபிள் வித்தியாசம் போதும், கதை முடிஞ்சுது. 5 மெகாஹெர்ட்ஸ் கேரியருக்கு 18 மீட்டர் வித்தியாசமே போதும், அதனாலதான் ஒரு கேரியர் சாகும்போது இன்னொண்ணு பொழைச்சிருக்கும்.

இத உறுதி பண்ண ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு. ஒருத்தர் அந்த சேர்ல ரிசீவரோட உக்காரணும், இன்னொருத்தர் ஒரு தடிமனான அட்டைய எடுத்து ஒரு ரேடியேட்டர் முன்னாடி புடிக்கணும். மறைச்ச உடனே சேர்ல சத்தம் வந்துச்சுன்னா அதேதான். வெளிச்சத்த கொறைச்சா நல்லா கேக்குதுன்னா வேற எந்த விளக்கமும் கெடையாது. ரேடியேட்டர் சூடாகும், அதனால அட்டைய கைல புடிச்சு டெஸ்ட் முடிஞ்சதும் எடுத்துருங்க, துணி போத்தி விட்டுட்டு போயிராதீங்க.

தீர்வு ரெண்டு. ஒண்ணு, எல்லா ரேடியேட்டருக்கும் டிரான்ஸ்மிட்டர்லேர்ந்து ஒரே நீள கேபிள், மிச்சத்த சுருட்டி வெச்சாலும் பரவால்ல. ரெண்டு, ரேடியேட்டர்ல இருக்க, சிக்னல கொஞ்சம் காக்க வைக்கற டிலே ஸ்விட்ச். இன்டக்ரஸ்ல ஒரு ஸ்டெப் 33 நானோசெகண்ட். எடது பக்க ரேடியேட்டருக்கு 80 மீட்டர், வலது பக்கத்துக்கு 30 மீட்டர்னு வெச்சுக்கோங்க, வித்தியாசம் 50, அத 5.6ஆல பெருக்கினா 280, 33ஆல வகுத்தா எட்டரை, குட்டை கேபிள்ல இருக்க ரேடியேட்டர 8லயோ 9லயோ வைங்க. நிறைய பேர் நீள கேபிள்ல இருக்கறத டிலே பண்ணி வித்தியாசத்த ரெட்டிப்பாக்கிடுவாங்க, குட்டையதான் காக்க வைக்கணும். கேபிள் நீளத்த பெட்டில எழுதினத நம்பாதீங்க, நடுவுல ஜாயின்ட் போட்டு யாராவது நீட்டிருப்பாங்க. ரேடியேட்டருக்கு ரேடியேட்டர் சங்கிலியா போட்டிருந்தா நடுவுல இருக்க துண்டுகளையும் சேத்து கூட்டணும்.

சங்கிலின்னா கடைசி ரேடியேட்டர்ல 75 ஓம் டெர்மினேஷன், அதாவது சிக்னல முனைலயே முழுங்கிக்கற ரெசிஸ்டர், இருக்கான்னும் பாருங்க. புது மாடல்ல தானாவே எடுத்துக்கும், பழசுல மாட்டணும், இல்லைன்னா சிக்னல் முனைல முட்டி திரும்பி வந்து தொல்லை பண்ணும்.

"எனக்கு கேக்கல, ஆனா நீங்க வாங்கி பாத்தா கேக்குது"

இதுதான் தினமும் வர்ற புகார், இதுக்கு எந்த மெஷினும் தேவையில்ல. அவர் எப்படி மாட்டிருக்கார்னு பாருங்க. சட்டை பாக்கெட்ல போட்டிருப்பார். கோட்டுக்குள்ள இருக்கும். அம்மாக்கள் பொடவை முந்தானைக்கு அடில மாட்டிருப்பாங்க. டேபிள்ல கவுத்து வெச்சிருப்பாங்க. எல்லாத்துக்கும் மேல டெலிகேட் அடையாள அட்டை, அதுவும் கழுத்துலதான் தொங்குது, ரிசீவரும் கழுத்துலதான் தொங்குது, அட்டை சரியா லென்ஸ் மேல வந்து உக்காந்துக்கும். அவர் குனிஞ்சா கேக்கும், நிமிந்தா போகும், "லூஸ் கான்டாக்ட்"ம்பார். நாங்க இப்ப ரிசீவர் குடுக்கற டேபிள்ல நிக்கற பசங்களுக்கு ஒரே வசனம்தான் சொல்லிக் குடுக்கறோம்: "சார், அட்டை பின்னாடி, இது முன்னாடி."

காதுக்கருவி போட்டிருக்கவங்களுக்கு ஹெட்போன் ஒத்துக்காது, நெக்லூப்னு கழுத்துல மாட்டற வளையம் இருக்கு, அத ரிசீவர்ல சொருகி காதுக்கருவிய டி மோடுக்கு (வளையத்தோட காந்த சிக்னல புடிக்கற செட்டிங்) மாத்த சொல்லுங்க. ரெண்டு மூணாவது எடுத்துட்டு போங்க.

"ஆள் உக்காந்தப்புறம் கெட்டுப்போச்சு"

காலி ஹால்ல சுவர், கூரை, சேர் எல்லாத்துலயும் பட்டு வெளிச்சம் திரும்பி வந்து உங்கள ஏமாத்தும். ஆள் நெறஞ்சா எல்லாரும் எல்லாரையும் மறைக்கறாங்க, கருப்பு கோட்டு, கருப்பு கார்ப்பெட் எல்லாம் முழுங்குது. ஸ்டாண்ட்ல ஆள் உயரத்துக்கு ரேடியேட்டர் வெச்சிருந்தீங்கன்னா முன் வரிசை தலைதான் கவரேஜ். தலைக்கு மேல நல்ல உயரத்துல வைங்க, முடிஞ்சா ஒவ்வொரு சேருக்கும் ரெண்டு திசைலேர்ந்து வெளிச்சம் வர்ற மாதிரி, ஒருத்தர் பக்கத்துல இருக்கவர்கிட்ட பேச திரும்பினாலும் இன்னொண்ணு புடிச்சுக்கும்.

டெஸ்ட் பண்ணும்போதும் ரிசீவர தலைக்கு மேல தூக்கி புடிச்சுக்கிட்டு நடக்காதீங்க. நெஞ்சுல மாட்டி, சேர்ல உக்காந்து, எடது வலது திரும்பி பாருங்க. எல்லா சேர்லயும் உக்கார முடியாது, மூலை நாலு, தூண் பின்னாடி, சுவத்தோரம், ரெண்டு ரேடியேட்டர் வெளிச்சமும் சமமா சந்திக்கற நடுக்கோடு, இத விட்டுறாதீங்க.

"பால்கனிக்கு அடில இருக்கவங்களுக்கு கேக்கல"

ஆடிட்டோரியம்னா இது கண்டிப்பா வரும். மேல இருக்க ரேடியேட்டருக்கு பால்கனி தளம் ஒரு குடை. அடில சின்ன ரேடியேட்டர் தனியா போடணும், வேற வழி கெடையாது. அதோட டிலே கணக்கையும் மறக்காதீங்க, பால்கனி விளிம்புல ரெண்டு வெளிச்சமும் சந்திக்கற ஒரு வரிசை இருக்கும்.

"மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மோசமாகுது"

ரேடியேட்டர தொட்டு பாருங்க, சூடா இருக்கும்தான், ஆனா அலங்காரத்துக்குள்ள மாடம் மாதிரி எடத்துல காத்து போகாம அடைச்சு வெச்சிருந்தா சூட்டுல தானே தன்ன காப்பாத்திக்க ஒதுங்கிரும். இன்னொரு காரணம் ரிசீவர் பேட்டரி, காலைல சார்ஜ் பத்தாம வந்த செட் மதியம் ஒவ்வொண்ணா விழும். வித்தியாசம் சொல்லட்டுமா, ரேடியேட்டர்னா ஒரு ஏரியா மொத்தமும் போகும், பேட்டரின்னா அங்கொண்ணும் இங்கொண்ணுமா போகும்.

"ஒரே இரைச்சலா இருக்கு"

எல்லா சேர்லயும் ஒரே மாதிரி இரைச்சல்னா கவரேஜ விடுங்க, பூத்துக்கு போங்க, சத்தம் அங்கேர்ந்துதான் வருது. இன்டர்ப்ரெட்டர் போன மைக் பக்கத்துல வெச்சிருந்தா டர்ர் டர்ர்னு வரும். பழைய அனலாக் செட்ல மட்டும் இன்னொரு சமாச்சாரம், எலக்ட்ரானிக் சோக் போட்ட ட்யூப்லைட் கிலோஹெர்ட்ஸ் கணக்குல மின்னறதால 1 மெகாஹெர்ட்ஸுக்கு கீழ ஓடற சேனல்ல பூந்துரும். டிஜிட்டல் சிஸ்டத்த 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல கொண்டு போனதுக்கு இந்த ட்யூப்லைட்டும் ஒரு காரணம்.

"பக்கத்து ஹால் பேச்சு எங்க ஹெட்போன்ல கேக்குது"

சுவர தாண்டாது, அதனாலதான் ரகசியம் காக்க வேண்டிய மீட்டிங்குக்கு இன்ஃப்ராரெட் கேட்டு வாங்கறாங்க. ஆனா கண்ணாடி கதவ தாண்டும், தொறந்த கதவ தாண்டும், பால்ரூம ரெண்டா பிரிக்கற மடக்கு சுவத்துக்கு மேல இருக்க இடுக்கு வழியாவும் எட்டி பாக்கும். ரெண்டு ஹால்லயும் ஒரே கேரியர் ஓடினா கதவோரம் உக்காந்தவங்க ரெண்டும் கேக்காம தவிப்பாங்க. பக்கத்து ஹால் டீம்கிட்ட போய் பேசி அவங்க ஒரு கேரியர், நாம வேற கேரியர்னு பிரிச்சுக்கணும், இல்லைன்னா கதவுக்கு கெட்டி திரை.

கடைசியா, எல்லாம் முடிஞ்சு பெட்டில அடுக்கும்போது டிலே ஸ்விட்ச் எல்லாத்தையும் சைபருக்கு திருப்பி வெச்சுருங்க. நாங்க ஒரு தடவ அப்படியே மூடிட்டோம், அடுத்த வாரம் வேற ஊர்ல வேற ஹால்ல நாலாவது வரிசைல ஒரே ஒரு டேபிள் கேக்காம, அட்டைய தூக்கிக்கிட்டு ஒரு மணி நேரம் அலைஞ்சோம்.